நான்கு பண்ணைக்கு ஒருவன், வீட்டுக்கு ஒருத்தி

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் நான் வரலாறு படித்த இரண்டாவது ஆண்டில் ஒரு விரிவுரையாளர் எங்கள் வகுப்பை இரண்டு தடவை சிரிக்க வைத்தார். முதல் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் என்மீதுதான் கோபம் வருகிறது.

அது 2006 இலையுதிர்காலம். ஐரோப்பாவில் அரசுகள் எப்படி உருவாகின என்பது பாடம். அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். கம்பளிச் சட்டையோடு கொட்டும் மழையிலும் சைக்கிளில் வருவார். கையில் ஒரு துண்டுக் குறிப்பும் இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசுவார். பீரங்கி வந்தது என்று தொடங்கினார். உயரமான பழைய மதில்கள் பீரங்கிக்கு முன்னால் நின்றுபிடிக்கவில்லை. ஆகவே மதில்கள் பதிந்தன, தடித்தன, மூலைகள் கூராக வெளியே நீண்டன. அப்படியொரு கோட்டையைப் பிடிக்க நூறு குதிரை வீரர்கள் போதாது. ஆயிரக்கணக்கான காலாட்கள் மாதக்கணக்கில் அதைச் சுற்றி உட்கார வேண்டும். உட்கார்ந்தவர்களுக்கு ரொட்டி வேண்டும். ரொட்டிக்கு வரி வேண்டும். வரி எடுக்க எழுத்தர்கள் வேண்டும். எழுத்தர்களுக்குப் பட்டியல் வேண்டும்: எந்த ஊரில் எத்தனை வீடு, எந்த வீட்டில் எத்தனை ஆண். அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவன் அரசனாக நிலைத்தான். வைத்திராத பிரபுக்கள் காணாமல் போனார்கள்.

"ஆகவே வரிப் படிவம் தபாலில் வரும்போது திட்டாதீர்கள்," என்றார். "பீரங்கிக்கு நன்றி சொல்லுங்கள்."

சிரித்தோம். எனக்கு அந்த விளக்கம் அவ்வளவு பிடித்திருந்தது. எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாய், கணக்குப் போல வந்து விழுந்தது. அன்று பின்னேரம் புறநகரான ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு அதை அப்படியே ஒப்புவித்தேன். அப்பா பஸ் ஓட்டுநர். வேலைச் சட்டையைக் கழற்றாமலே குசினி மேசையில் இருந்து கேட்டார்.

"அப்ப சண்டை இல்லாட்டி அரசாங்கம் இல்லை எண்டு சொல்லுறாரோ?"

"ஓம் அப்பா. அப்பிடித்தான் வந்தது எண்டுகினம்."

"எங்கட நாட்டில அரசாங்கமும் இருந்தது, சண்டையும் இருந்தது. ரெண்டும் இருந்தும் நாங்கள் ஓடித்தானே வந்தனாங்கள்," என்றார். பிறகு எழுந்து தேநீர் ஊற்றப் போனார். அது ஒரு பதிலே இல்லை என்று அப்போது நினைத்தேன்.

அப்பாவும் அம்மாவும் மன்னார்க் கரையிலிருந்து எண்பதுகளில் வந்தவர்கள். இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போன நாட்களில், அப்பாவின் தமையன் ஒரு நாள் தேவாலயத்தில் காலைப் பூசைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் புறப்பட்டார்கள். நான் ஒஸ்லோவில் பிறந்தேன். அம்மாவின் ஒரே தங்கை, என் சித்தி, வன்னியில் கலியாணம் செய்து அங்கேயே இருந்துவிட்டார். சித்திக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பத்தொன்பது வயதில் தானாகவே இயக்கத்துக்குப் போய் இறந்தவன். அடுத்தவள் பெண், எனக்குத் தங்கச்சி. போர்நிறுத்தக் காலத்தில் பாதை திறந்திருந்தபோது நாங்கள் அங்கே போய் ஒரு மாதம் நின்றோம். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் எழுதிய தமிழை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நோர்வே திரும்பிய பிறகு அவளுக்குப் போடும் கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தி எனக்கே திருப்பி அனுப்புவாள். இன்று நான் இந்தளவாவது எழுதுகிறேன் என்றால், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைவிட அந்தச் சிவப்பு மைக்குத்தான் அதில் அதிக பங்கு.

இரண்டாவது சிரிப்பு ஒக்டோபரில் வந்தது. நோர்வேயைப் பற்றிய வகுப்பு. பதினேழாம் நூற்றாண்டில் நோர்வே டென்மார்க் அரசனின் கீழ் இருந்தது. சுவீடனோடு ஓயாத போர். அரசனுக்கு நோர்வேயில் ஒரு படை வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சில பண்ணைகளை ஒரு கட்டாகச் சேர்ப்பது, அந்தக் கட்டு ஒரு போர்வீரனைக் கொடுப்பது, அவனுக்கு உடுப்பும் உணவும் அதே பண்ணைகளே கொடுப்பது. தொடக்கத்தில் நான்கு முழுப் பண்ணைக்கு ஒருவன். போர் முற்ற முற்ற அந்த நான்கும் குறைந்தது.

நான் கையை உயர்த்தினேன். "அந்த நான்கு பண்ணையில் யாருடைய மகன் போவது என்று யார் தீர்மானித்தார்கள்?"

"வேகமாக ஓடத் தெரியாதவன்தான்," என்றார் அவர்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று அந்த நிமிடத்தில் எனக்கே சரியாகத் தெரியாது. அவர் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, நல்ல கேள்வி, செமஸ்டர்க் கட்டுரையை அதைப் பற்றியே எழுது என்றார்.

எழுதத் தொடங்கினேன். ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் பேனா கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டும். பழைய டேனிஷ் கையெழுத்தோ முள்வேலி போல இருந்தது. நான்கு பக்கம் வாசிக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது. பாதிரிமாரைக் கொண்டு எழுதுவித்த ஆண்களின் பட்டியல்களைப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பையன்கள்கூட இருந்தார்கள். பெண்கள் கிட்டத்தட்ட இல்லை. புருஷன் செத்து, பண்ணையைத் தானே நடத்துகிறவள் என்றால் மட்டும் ஒரு பெண்ணின் பெயர் வரும்.

அப்படி வந்த ஒருத்தியின் மனு ஒன்று அதே காகிதக் கட்டுக்குள் கிடந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூத்த மகனை முதல் போருக்கே எடுத்தார்கள், அவன் வரவில்லை. இப்போது இரண்டாவது மகனையும் கேட்கிறார்கள். பண்ணையில் வேறு ஆண் இல்லை. பக்கத்துப் பண்ணையில் மூன்று வளர்ந்த மகன்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்த வீட்டுக்காரன் ஊர் அதிகாரிக்கு வேண்டியவன். தன் மகனுக்கு முதுகு சற்றுக் கோணல் என்றும் அவள் சொல்லியிருந்தாள். அந்தத் தாளின் ஓரத்தில் அதிகாரி தன் கையால் எழுதியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பையனின் உயரம். போதுமான உயரம் இருந்ததால் அவனை எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பிந்திய படைப் பட்டியலில் அவன் பெயரைக் கீறிவிட்டு, இறந்தான் என்று குறித்து, அடுத்த வரியில் அதே பண்ணைக் கட்டிலிருந்து புதிதாக ஒரு பெயரை எழுதியிருந்தார்கள்.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த உயரம் என்னை அவ்வளவு எரிச்சல்படுத்தியது. அந்த ஆள் ‘இல்லை’ என்றாவது எழுதியிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்தது. சித்தி. வன்னியில் ஒரு தொலைத்தொடர்புக் கடையிலிருந்து கதைத்தார். அக்கம்பக்கத்தில் ஆட்கள் நின்றிருக்க வேண்டும், இயக்கத்தின் பெயரை எடுக்காமல் சுற்றிவளைத்துத்தான் சொன்னார். அம்மா ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"அக்கா, வீட்டுக்கு ஒண்டு எண்டு அறிவிச்சுப்போட்டினம்."

"நீ மூத்தவனைக் குடுத்தனீதானே?"

"அதைச் சொல்லியாச்சு. அவன் தானாய் வந்தவன், அது வேறை கணக்காம். மூண்டு தரம் கடிதம் எழுதிக் குடுத்தனான். வாங்கி வைக்கினம். ஒரு பதிலும் இல்லை."

"பிள்ளை எங்கை?"

சித்தி குரலைத் தாழ்த்தினார். "கோழி அடை கிடக்குது," என்றார். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஷெல்லுக்கு வெட்டிய பதுங்குகுழிக்கு மேலே விறகை அடுக்கி, அதற்குள் பிள்ளையைப் பகல் முழுக்க ஒளித்து வைத்திருக்கிறார்கள். பதினாறு வயது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, உடுத்த சேலையோடே பாத்திரம் கழுவத் தொடங்கினார். கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் அங்கே இருக்கவில்லை. நான் அறைக்குள் போய் அந்த விதவையின் மனுவை என் குறிப்புப் புத்தகத்தில் மறுபடி வாசித்தேன். முந்நூற்றைம்பது வருடம், இரண்டு நாடு, இரண்டு மொழி. இரண்டு தாய்மாரும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் பதில் வரவில்லை.

நவம்பரில் ஒஸ்லோவின் தெற்கே பியோர்ண்டாலில் ஒரு பள்ளி மண்டபத்தில் எங்கள் ஆட்களின் கூட்டம் நடந்தது. எங்கள் குடும்பம் எப்போதும் போல முழுதாகப் போனது. அப்போதெல்லாம் போகாமல் இருப்பது என்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் நடனம் ஆடினார்கள். பிறகு ஒரு மாமா மேடைக்கு வந்தார். இரத்த உறவில்லை, ஒஸ்லோத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்கு ஒருகாலத்தில் தமிழும் படிப்பித்தவர். நல்ல பேச்சாளர். கோட் போட்டிருந்தார்.

"சமாதானம் கதைக்க வந்திருக்கிற இந்த நாடுகளைப் பாருங்கோ," என்றார். "இதுகள் எல்லாம் எப்பிடி உருவானது? கதைச்சு உருவானதோ? இல்லை, சண்டை பிடிச்சு உருவானது. இந்த நோர்வேக்காரன்ர கமக்காரச் சனம் நாலு பண்ணைக்கு ஒரு பிள்ளையைக் குடுத்த சனம். என்ர மகன்ர பள்ளிக்கூடப் புத்தகத்திலயே இருக்கு. குடுத்தபடியால்தான் இண்டைக்கு அவனுக்கு ஒரு நாடு இருக்குது. வீட்டுக்கு ஒண்டு குடுக்கப் பின்னடிக்கிற இனத்துக்கு ஆர் நாடு தருவினம்?"

கைதட்டினார்கள். என் விரிவுரையாளர் சொன்ன அதே கணக்குத்தான். பீரங்கி, படை, பட்டியல், அரசு. அங்கே அது கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது, இங்கே கோட் போட்டுக்கொண்டு வந்தது. கேள்வி ஏதும் இருந்தால் கேட்கலாம் என்று ஒருவர் ஒலிவாங்கியோடு வந்தார். அப்படிச் சொல்வது வழக்கம், யாரும் கேட்பதில்லை. நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்தார், நான் விடுவித்துக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கினேன்.

"மாமா, அந்தக் கமக்காரர் குடுக்கேல்லை," என்றேன். "அவையளிட்டை இருந்து எடுத்தது. எடுத்தது டென்மார்க் ராசா, தன்ர சண்டைக்கு. நோர்வேக்காரருக்கு நாடு கிடைக்க அதுக்குப் பிறகு இருநூறு வருசத்துக்கு மேலை போச்சுது. பிள்ளையைக் குடுத்த ஒருத்தரும் அதைப் பார்க்கேல்லை."

"இருக்கலாம் பிள்ளை. ஆனா போராட்டம் எண்டு வந்தால்..."

"உங்கட வீட்டிலயிருந்து ஆர் போனது மாமா?"

அவருடைய மகன் துரோன்ஹைம் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். மண்டபத்தில் எல்லோருக்கும் அது தெரியும். யாரோ ஒரு கதிரையை நகர்த்திய சத்தம் கேட்டது. மாமா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். ஒலிவாங்கி வைத்திருந்தவர் அதை என் கையிலிருந்து மெதுவாக, ஆனால் உறுதியாக வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி நடக்கும்போது சொன்னார்.

"நீ கேட்டது சரி. கேட்ட இடம் பிழை."

"சரியான இடம் எது அப்பா?"

அப்பா சட்டைப் பையில் வீட்டுச் சாவியைத் தேடினார். அடுத்தடுத்த கிழமைகளில் பூசை முடிந்த பிறகு கோப்பி குடிக்கிற இடத்தில் எங்கள் மேசைக்கு ஆட்கள் வருவது குறைந்தது. நான் வார இறுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இனி வேறு ஆள் பார்த்துக்கொள்வார் என்று ஒருவர் மிகவும் அன்பாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பற்றியிருக்காது.

நத்தார்ப் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் தங்கச்சியைக் கொண்டுபோனார்கள். குழிக்குள் தண்ணீர் ஊறி அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. சித்தி அவளை வீட்டுக்குள் படுக்க வைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். சித்தி பிள்ளையின் கால்களைப் பிடித்து இழுபட்டதில் முழங்கை முறிந்தது. இதைச் சொல்லிவிட்டுச் சித்தி தொலைபேசியில் அழவேயில்லை. பரீட்சையில் அவளுடைய சுட்டெண் கூப்பிட்டபோது ஆள் இல்லை என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு கதை ஒஸ்லோவில் சுற்றியது. நான் மண்டபத்தில் அப்படிக் கேட்டபடியால், இங்கிருந்து அங்கே தகவல் போய், அதனால்தான் அந்த வீட்டைக் குறிவைத்தார்கள் என்று. யார் தொடக்கியது என்று தெரியாது. என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவுமில்லை. ஆனால் அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது. அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தை மாதம் முழுக்க என்னோடு அளவாகத்தான் கதைத்தார்: சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா, உன்ர உடுப்புக் காய்ஞ்சிட்டுது. பிள்ளையை இழுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் அவமானப்படவில்லை. அதை ஏன் என்று கேட்டவள் தன் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தாள். எந்த ஊர் நியாயம் இது?

கட்டுரைக்கு D வந்தது. நான் அந்த விதவையை முதல் பக்கத்திலேயே வைத்து எழுதியிருந்தேன். விரிவுரையாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நோர்வேஜிய மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். ஆனால் அன்றைக்கு அந்த ‘நீ’ எனக்குச் சின்னதாகக் கேட்டது.

"உன்னுடைய விதவை என்னையும் உலுக்கினாள்," என்றார். "ஆனால் ஒரு விதவை வாதம் ஆகமாட்டாள். நீ விஷயத்துக்கு மிகக் கிட்ட நிற்கிறாய்."

"எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?"

"அமைப்பு தெரிகிற தூரத்தில். அரசு வன்முறையிலிருந்துதான் ஒழுங்கை உருவாக்கியது. அதைச் சொல்வதால் நான் அதை நியாயப்படுத்தவில்லை. நீண்ட காலப் பார்வையில் பார், அந்த விதவையின் பேரப்பிள்ளைகளுக்குப் பாதை வந்தது, பள்ளி வந்தது, நீதிமன்றம் வந்தது."

"எந்தப் பேரப்பிள்ளைகள்?" என்றேன். "இரண்டு மகன்களும் திரும்பி வரவில்லையே."

அவர் என் கட்டுரையை மூடி வைத்தார். "நான் சொல்வது உனக்கு விளங்குகிறது," என்றார்.

"விளங்குகிறது. அதனால்தான் கோபம் வருகிறது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கடைசியில் கேட்டார். நான் இல்லை என்றேன். தங்கச்சியைப் பற்றிச் சொன்னால் அதையும் கிட்ட நிற்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார் என்று பயந்தேன். புள்ளியை மறுபரிசீலனை செய்யும்படி முறைப்பாடு கொடுத்தேன். வேறு இரண்டு பேர் வாசித்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: மாற்றமில்லை. அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, அதே தலைப்பில், அதே காப்பகத்தில், இப்படிப்பட்ட மனுக்கள் எழுபதுக்கு மேல் தேடி எடுத்து மேற்படிப்புக் கட்டுரையாக எழுதினேன். ஒரு விதவை வாதம் ஆகமாட்டாள் என்றால் எழுபது பேராவது ஆவார்களா என்று பார்க்கலாம் என்ற வீம்புதான். அதை வேறொரு பேராசிரியை ஏற்றுக்கொண்டார். இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறேன்.

2009 வசந்தத்தில் நாங்கள் எல்லோரும் நோர்வேப் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டத்தில் நின்றோம். நாள் தவறாமல் நின்றோம். ஒருபக்கம் ஓர் அரசு தன் குடிமக்கள் என்று தானே சொல்லிக்கொண்டவர்கள் மீது, மருத்துவமனை என்றும் பாராமல், ஷெல் அடித்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் அந்தச் சனத்தை இயக்கம் வெளியே வரவும் விடவில்லை. சித்தியோடு தொடர்பு அறுந்து இரண்டு மாதமாகியிருந்தது. தங்கச்சி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அப்பா வேலை முடிந்து சீருடையோடே நேராக அங்கே வருவார்.

ஒருநாள் மத்தியானம் மேடையில் பேசிய அந்த மாமா என்னிடம் வந்தார். இரண்டரை வருடமாக நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தொண்டை கட்டி, முகம் சவரம் செய்யாமல், ஆளே சுருங்கிப்போயிருந்தார். அவருடைய தமக்கை குடும்பமும் உள்ளே அகப்பட்டிருந்தது.

"பிள்ளை, உனக்கு நோர்வேஜியன் நல்லாய் வரும்," என்று ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். "இதிலை பிழை இருக்கோ எண்டு பார்த்துத் தா."

வாங்கித் திருத்திக் கொடுத்தேன். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதை அந்த இடத்தில் அவர் முகத்தில் எறிய முடியவில்லை. அதற்காகவும் எனக்கு என்மேல் ஆத்திரமாக இருந்தது. மே மாதம் எல்லாம் முடிந்தது. மறுநாள் டி-பானே சுரங்க ரயிலில் ஒருவர் மடித்து வைத்துவிட்டுப் போன நோர்வேஜியப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். அரசு தன் நிலப்பரப்பின் மீது கட்டுப்பாட்டை மீட்டெடுத்துவிட்டது என்று எழுதியிருந்தது. எவ்வளவு சுத்தமான வசனம். செத்த மனிதரின் வாடை ஒரு எழுத்திலும் இல்லை. நான் அதை இரண்டாகக் கிழித்தேன். எதிரில் இருந்த பெண் தன் பையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஆவணியில் சித்தியிடமிருந்து செய்தி வந்தது. சித்தி ஒரு முகாமில். தங்கச்சி சரணடைந்தவர்களை வைத்திருந்த வேறொரு முகாமில். உயிரோடு இருக்கிறாள். ஷெல் துண்டொன்று முழங்காலின் பின்பக்கம் போய்விட்டது. ஒரு காலை மடிக்க முடியாது. அவள் வெளியே வந்தது அடுத்த வருடம். வந்த பிறகுதான், ஒருநாள் தொலைபேசியில், என் நெஞ்சில் இருந்ததைக் கேட்டேன். என் வாயால்தானா உன்னைக் கொண்டுபோனார்கள் என்று.

"உங்களுக்கு என்ன விசரோ அக்கா?" என்றாள். "அண்டைக்கு எங்கட ஒழுங்கையில ஏழு வீட்டுக்கு வந்தவை. கையில பேர் எழுதின கொப்பி இருந்தது. அது எப்பவோ எழுதின கொப்பி."

ஆனால் அதற்கு முந்தி, 2009 இலையுதிர்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். யாரோடும் குரலை உயர்த்தாதவர். நான் மண்டபத்தில் எழும்பியதை அவர் ஒருநாளும் சரி என்றோ பிழை என்றோ சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை காலை, ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில், மீன் விற்கும் இடத்தில் நாங்கள் வரிசையில் நின்றோம். அந்த மாமாவின் மனைவி எங்களைக் கண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. உண்மையான கலக்கம்தான். அம்மாவின் கையைப் பிடித்தார்.

"கேள்விப்பட்டனான். பிள்ளை உயிரோடை இருக்கிறாள் எண்டது பெரிய ஆறுதல். அவள் செய்த தியாகம் வீண்போகாது."

அம்மா கையை இழுத்துக்கொண்டார்.

"அக்கா, அது தியாகம் இல்லை," என்றார். "தியாகம் எண்டால் தானாய்க் குடுக்கிறது. மூத்தவன் குடுத்தான், அவனைத் தியாகம் எண்டு சொல்லுங்கோ, நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன். இவள் காய்ச்சலோடை படுத்துக் கிடந்த பிள்ளை. வேலியைப் பிரிச்சு இழுத்துக்கொண்டு போனவை. என்ர தங்கச்சியின்ர கையை முறிச்சுப்போட்டுப் போனவை. அதுக்கு இருக்கிற பேர் வேறை. அந்தப் பேர் உங்களுக்கும் தெரியும்."

"மெதுவாய்க் கதையுங்கோ, சனம் பார்க்குது..."

"பார்க்கட்டும்!" அம்மாவின் குரல் கடைத்தொகுதி முழுக்கக் கேட்டது. "மூண்டு வருசமாய் மெதுவாய்த்தான் கதைச்சனான். என்ர பிள்ளை எழும்பிக் கேட்டதுக்கு, அவளால்தான் நடந்தது எண்டு கதை கட்டினியள். அதையும் கேட்டுக்கொண்டு மெதுவாய்த்தான் இருந்தனான். என்ர பிள்ளையோடை ஒரு மாசம் நான் ஒழுங்காய்க் கதைக்கேல்லை. அது எனக்கு வெக்கம். உங்களுக்கு?"

அந்த மாமி திரும்பி நடந்தார். தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார். மீன் விற்கிறவர் இளைஞர், ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் எல்லாம் விளங்கியவர் போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் முறை வந்ததும் தலையும் வேண்டுமா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"ஓம், தலையும்," என்று அம்மா அவருக்குத் தமிழிலேயே சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நோர்வேஜிய மொழியில் இன்னொரு முறை சொன்னார்.